தானாகப் பொரியாதவை

மார்ச் 4

மீன்காரிக்கு,

கை பழக்கத்தில் பழைய பேரையே எழுதிட்டேன். அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தா, வேற என்ன எழுதறதுன்னு தெரியல. "அன்புள்ள நாத்தனாருக்கு"ன்னு சொல்ல வாயே வரல, கை எப்படி வரும்?

நாம பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் பேசறதுக்காக எழுதல. போன வாரம் உங்கண்ணனோட வக்கீல்கிட்டேருந்து ஒரு தடிச்ச கவர் வந்துச்சு. பொடிசு இனிமே அப்பா வீட்டுலதான் வளரணும்னு மனு. மே 22 விசாரணை. காரணம் அஞ்சு போட்டிருக்காங்க. முதல் நாலும் எல்லாப் புருஷனும் எல்லாப் பொண்டாட்டி மேலயும் போடறது, சிரிச்சுட்டே படிச்சேன். அஞ்சாவதுல சிரிப்பு நின்னுடுச்சு. கர்ப்பமா இருந்தப்ப நான் கஞ்சா எண்ணெய் எடுத்துக்கிட்டேனாம், அதனால குழந்தையோட மூளை வளர்ச்சி கெட்டுப்போச்சாம், அப்படிப்பட்ட தாய்கிட்ட குழந்தையை விடக் கூடாதாம். ஆதாரம்: இணைப்பு ஏழு. இணைப்பு ஏழைத் திருப்பினா உன் பேரு. பதினோரு பக்கம். வரிக்குதிரை மீன் குஞ்சு வரிசையா படுத்திருக்கிற படம்.

பொடிசுக்கு ரெண்டு வயசு முடிஞ்சும் பேச்சு வராதப்ப, உன் வீட்டுக் குளியலறைத் தரையில உட்கார்ந்து உன்கிட்ட மட்டும் சொன்னேன். வாந்தி தாங்காம பத்து நாள் அந்தச் சொட்டை நாக்குக்கு அடியில விட்டுக்கிட்டேன், அதனாலயா இருக்குமோன்னு கேட்டேன். நீ அதே கஞ்சாவைத்தான் மீனுக்குக் கொடுத்து மூளையைப் பார்க்கறவ. அதனாலதான் உன்னைக் கேட்டேன். நீ என் முதுகைத் தடவிக்கிட்டே, "பத்து நாள்தானே அண்ணி, விடுங்க"ன்னு சொன்ன. ஒரு வருஷம் கழிச்சு அது உங்கண்ணன் வாயிலேருந்து எனக்கே திரும்பி வந்துச்சு.

இதுக்கு நீ என்ன சொல்றன்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான். போன் பண்ணாத. என் பேச்சையெல்லாம் பதிவு பண்ணச் சொல்லி உங்கண்ணனுக்கு வக்கீல் சொல்லியிருக்காராம், நானும் இப்ப எவர் போனையும் எடுக்கறதில்ல. தாள்ல எழுது. தாள்னா நீயும் ரெண்டு தடவ யோசிப்ப.

அண்ணி

•

மார்ச் 11

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

மூன்று விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒன்று, அந்தக் கட்டுரையை நான் அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, அது மீன்களைப் பற்றியது, பொடிசைப் பற்றியது அல்ல. முட்டையிட்ட ஐந்தாம் மணியிலிருந்து பத்தாம் மணிவரை, மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் இடம் பிரிகிற நேரத்தில், கருக்களைக் கஞ்சாச் செடியின் கானபினாய்டுகள் கலந்த நீரில் வைத்தோம். பிறகு நல்ல நீருக்கு மாற்றினோம். பொரிந்து வரும் குஞ்சின் வாலை மெல்லிய இழையால் தொட்டால் அது சட்டென்று விலகி ஓட வேண்டும். மருந்துத் தட்டிலிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் ஓடவில்லை. கட்டுரை சொல்வது இவ்வளவுதான். இதை ஒரு வக்கீல் எப்படி வளைப்பார் என்பது என் கையில் இல்லை.

மூன்று, நான் அண்ணனிடம் சொன்னது குழந்தையின் நன்மைக்காக. விஷயம் தெரிந்தால் சீக்கிரம் நல்ல மருத்துவரிடம் காட்டுவான் என்று நினைத்தேன். நீங்கள் இருவரும் பிரிகிற அளவுக்குப் போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

நீதிமன்றத்தில் நான் வந்து எதையாவது விளக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள்.

நாத்தனார்

•

மார்ச் 19

மீன்காரிக்கு,

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண் போட்டு எழுதியிருக்க. அதுல ஒண்ணுலயும் மன்னிப்பு இல்ல. நான் பாடநூல் அச்சகத்துல பத்தொன்பது வருஷமா பிழை பார்க்கறவ. அச்சில இருக்கிற தப்பைவிட விட்டுப்போனதுதான் எனக்கு முதல்ல கண்ணுல படும்.

உன் கட்டுரையை அகராதியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாலு நாள் படிச்சேன். என்னைக் குற்றவாளின்னு சொல்ற தாளை நான் படிக்காம வேற யார் படிக்கறது? உங்கண்ணன் கடைசிப் பத்தியைத் தவிர எதையும் படிச்சிருக்க மாட்டார். வக்கீல் அதையும் படிச்சிருக்க மாட்டார்.

நாலாம் பக்கத்துல ஒரு சந்தேகம். நல்ல தண்ணித் தட்டுல எல்லா முட்டையும் மூணு நாளுக்குள்ள தானாப் பொரிஞ்சுடுச்சுன்னு போட்டிருக்க. அடுத்த வரியில, அதுக்குள்ள பொரியாத கருக்களை நுண் இடுக்கியால உறையைக் கிழிச்சு வெளிய எடுத்தோம்னு போட்டிருக்க. அப்படின்னா இடுக்கி பட்டது மருந்து மீனுக்கு மட்டுமா? கிழிக்கிறப்ப அந்த வாலுக்கு ஒண்ணும் ஆகாதா? அப்புறம் அதே வாலைத்தானே தொட்டுப் பார்க்கறீங்க?

எனக்கு உன் படிப்பு கிடையாது. ஆனா பொடிசை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க, உனக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு பொட்டிலயும் சிவந்து, ஒரு வாரம் அவ தலையைத் தொட்டாலே வீறிட்டா. அந்த ஆயுதத்தை யாரும் இணைப்பா வைக்கல. அதனாலதானோ என்னவோ, உன் இடுக்கி என் கண்ணை விட்டுப் போகல.

அண்ணி

•

மார்ச் 27

அண்ணி,

உறை நீக்குவது பல ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வதுதான். பயிற்சி உள்ள கை செய்தால் கருவுக்குச் சேதம் வராது. எனக்குப் பதினாறு ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. கட்டுரையை வெளியே இரண்டு நிபுணர்கள் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சிட்டார்கள். அவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. உங்கள் கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் முறைகளைப் பற்றிய பகுதி துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வேறு மாதிரி தோன்றக்கூடும்.

பொடிசு எப்படி இருக்கிறாள்?

•

மார்ச் 31

நீ எழுதின பத்தியில என் கேள்விக்குப் பதில் இல்ல. திரும்பவும் கேக்கறேன். இடுக்கி பட்டது மருந்து மீனுக்கு மட்டுமா? ஆமாவா, இல்லையா?

நல்ல கேள்வின்னு எனக்கு மார்க் போட வேணாம். பொடிசு எப்படி இருக்கான்னு கேக்க உனக்கு இன்னும் உரிமை வரல.

•

ஏப்ரல் 9

அண்ணி,

ஆமாம்.

இந்த ஒரு சொல்லை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. நடுவில் மூன்று கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் என்னை நன்றாகவே காட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எங்கள் மீன் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை எட்டு மணிக்கு விளக்குகள் தானாக எரியும்; மீன்கள் அதை விடியல் என்று நினைத்து முட்டையிடும். கடுகில் பாதி அளவு, கண்ணாடி போன்ற முட்டை. இரண்டாம் நாளே உள்ளே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். நல்ல நீரில் இருந்தவை மூன்றாம் நாளுக்குள் உறையைத் தாமே கிழித்துக்கொண்டு வந்துவிடும். மருந்து நீரில் இருந்தவற்றில் பாதி வரவில்லை. உயிரோடுதான் இருந்தன. உள்ளே சுருண்டு சுருண்டு புரண்டன. அட்டவணைப்படி மூன்றாம் நாள் மதியம் வாலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதனால் நான் இரண்டு இடுக்கிகளை எடுத்து, ஒன்றால் உறையைப் பிடித்து மற்றதால் கிழித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பாவம், திணறுகின்றன, உதவுகிறோம் என்றுதான் தோன்றியது. உறைக்கும் வாலுக்கும் இடையே ஒரு மயிரிழை இடம்கூட இல்லை. அறுபது எழுபது முட்டைக்குப் பிறகு எந்தக் கையும் தடுமாறும். என் கையும் தடுமாறியிருக்கும்.

சரியான முறை எனக்குத் தெரியாதது அல்ல. ஒன்று, எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். அல்லது, இரண்டாம் நாளே இரண்டு தட்டிலும் எல்லா உறையையும் ஒரேபோலக் கிழிக்க வேண்டும். கையால் வரும் காயம் இருபக்கமும் சமமாக இருக்கும். நீங்கள் கேட்ட பிறகு என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை செய்த அன்று, பக்க ஓரத்தில் பென்சிலால் எதையோ எழுதி ரப்பரால் அழித்திருக்கிறேன். தாளை விளக்குக்கு எதிரே சாய்த்தால் அழுத்தம் தெரிகிறது. "நல்ல நீருக்கும்?" என்று எழுதியிருக்கிறேன்.

அதாவது உங்கள் கேள்வி எனக்கும் வந்திருக்கிறது. எண்கள் அழகாக வந்துகொண்டிருந்ததால் அழித்துவிட்டேன். போன கடிதத்தில் உங்களைத் துறைக்கு வெளியே இருப்பவர் என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் தலை நிமிர முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குழந்தையின் நன்மைக்காக அண்ணனிடம் சொன்னேன் என்று எழுதினேன். பொய். கட்டுரை வெளிவந்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் பொடிசைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தீர்கள். அண்ணனிடம் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவன் எப்போதும்போலக் கிண்டல் செய்தான். "நான் ஒரு நாள் லிஃப்ட் பழுது பார்க்கப் போகலைன்னா பத்து மாடி ஜனம் மூச்சு வாங்கிட்டு என்னைத் திட்டும். நீ ஒரு வருஷம் போகலைன்னா யாருக்கும்மா தெரியும்? மீனுக்குக்கூடத் தெரியாது."

நூறு தடவை கேட்ட கிண்டல்தான். அன்று என்னவோ பொறுக்கவில்லை. "என் ஆராய்ச்சி உன் வீட்டுக்குள்ளயே இருக்கு. வேணும்னா அண்ணியைக் கேளு" என்றேன். அவன் விளங்காமல் பார்த்தான். விளங்க வைத்தேன். அவன் முகம் மாறியது. அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அண்ணி. கடைசியில் என் வேலையை ஒருவன் மதித்துவிட்டான் என்ற சந்தோஷம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும் பொடிசின் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மன்னியுங்கள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டிவரும்.

இடுக்கி இல்லாமல் முழுவதையும் மறுபடி செய்யப் போகிறேன். மே 22-க்குள் முடித்துவிடுவேன்.

•

ஏப்ரல் 17

மீன்காரிக்கு,

"சந்தோஷமாக இருந்தது"ங்கிற வரி வரைக்கும் படிச்சுட்டுத் தாளைக் கிழிக்கப் போனேன். கிழிக்கல. அது பொய்யா இருந்திருந்தா கிழிச்சிருப்பேன்.

நீ கிளம்பின பிறகு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. உங்கண்ணன் சத்தம் போடல. போட்டிருந்தா நானும் போட்டு, ரெண்டு பாத்திரம் உருண்டு, முடிஞ்சிருக்கும். அவர் பொடிசைத் துவட்டி மடியில குப்புறப் போட்டுக்கிட்டு, முதுகுல ஒரு விரலால தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சட்டுன்னு திரும்பறாளான்னு. நீதான் சொல்லிட்டுப் போயிருக்கியே, ஓடணும்னு. அவளுக்கு அப்பா விளையாடறார்னு நினைப்பு. அசையாம படுத்துக்கிட்டு சிரிக்கறா. அவ அசையாததைப் பார்த்து இவர் கண்ணு கலங்குது. நான் துண்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அந்தக் காட்சியிலேருந்து நாங்க ரெண்டு பேரும் வெளிய வரவே இல்ல. ஆறு மாசத்துல நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

இப்ப அவளுக்கு அஞ்சு வயசு. பேசறா. கேள்வி கேட்டா நாலு நொடி நம்ம முகத்தையே பார்ப்பா, அப்புறம் பதில் வரும். சரியான பதில். பள்ளிக்கூடத்துல டீச்சர் ரெண்டு நொடிதான் காத்திருக்காங்க. பென்சிலை இன்னும் உள்ளங்கையில மூடித்தான் பிடிக்கறா. நேத்து என்கிட்ட, "அம்மா, நான் மெதுவா இருக்கேனா, மத்தவங்க வேகமா இருக்காங்களா?"ன்னு கேட்டா. உன் மாதிரி விஞ்ஞானியாதான் வருவா போல.

இதைச் சொன்னதால உரிமை திரும்ப வந்துடுச்சுன்னு நினைக்காத. மறுபடி செய்யறதை ஒழுங்கா செய்.

அண்ணி

•

மே 3

அண்ணி,

முடிந்தது.

இந்தத் தடவை எந்தத் தட்டு எது என்று எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவிடம் கெஞ்சி, தட்டுகளின் மேல் வெறும் எண்களை ஒட்டச் சொன்னேன். எந்த எண்ணில் என்ன நீர் என்ற பட்டியல் அவர் கைப்பையில் இருந்தது. "நீங்க அழுதாலும் சொல்ல மாட்டேன், டாக்டரம்மா. என் புருஷனுக்கே நான் எதையும் சொல்றதில்ல" என்றார். சொல்லவும் இல்லை. இரண்டு தடவை நைசாகக் கேட்டுப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இடுக்கியைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் பொரியாதவை நான்காம் நாள் மாலைக்குள் தாமாகவே பொரிந்தன. ஒரு நாள் தாமதம். அது மருந்தின் வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்த பிறகு வாலைத் தொட்டால் ஓடின. குறைந்த அளவு மருந்தில் இருந்தவற்றுக்கும் நல்ல நீரில் இருந்தவற்றுக்கும் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை. அதிக அளவில் இருந்தவற்றில் எட்டில் ஒன்று மட்டும் மந்தமாக இருந்தது. "பாதிக்கு மேல்" என்று நான் அச்சிட்டதில் பெரும்பகுதி என் கை செய்த வேலை. இரண்டு வருடமாக அது மருந்தின் பேரில் ஓடிக்கொண்டிருந்தது.

துறைத்தலைவரிடம் சொன்னேன். "இதை இப்ப கிளறணுமா? அதுல உன் பேர் மட்டும் இல்லைம்மா, என் பேரும் இருக்கு" என்றார். கிளறாவிட்டால் உங்கள் பேரைக் காப்பாற்றியதாகாது சார் என்று சொல்ல நினைத்தேன், வாயில் வந்தது வெறும் "ஆமாம் சார், கிளறணும்." கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மீன் அறைச் சாவியை நேற்று வாங்கிக்கொண்டார்கள்.

நீதிமன்றத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பத்தியைப் பாருங்கள். "தாய் பத்து நாள் மட்டும் எடுத்துக்கொண்ட சொற்ப அளவு, எங்கள் சோதனையின் குறைந்த அளவுக்கு ஒப்பானது, அதில் எந்தப் பாதிப்பும் காணப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன். இது போதும் என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

•

மே 9

மீன்காரிக்கு,

பிழை இருக்கு. ரெண்டாம் பத்தியில, "பத்து நாள்".

பத்து நாள் இல்ல. மூணாம் மாசம் வாந்திக்காக ஆரம்பிச்சேன், அது நிஜம். வாந்தி நாலாம் மாசமே நின்னுடுச்சு. சொட்டை நான் நிறுத்தினது ஏழாம் மாசம். முதல்ல ராத்திரிக்கு மட்டும், அப்புறம் காலையிலயும். முப்பத்தொன்பது வயசுல முதல் குழந்தை. எல்லாருக்கும் என் வயித்தைப் பத்தி ஒரு அபிப்பிராயம். உங்கண்ணன் வேலையிலேருந்து வந்ததும் நான் என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவ படி ஏறினேன்னு விசாரிப்பார். அக்கறைதான், தெரியும். அந்தச் சொட்டை விட்டுக்கிட்டா அவர் குரல் பக்கத்து அறையிலேருந்து வர்ற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் எடுத்தேன். வாந்திக்கு இல்ல.

உன் குளியலறைத் தரையில உட்கார்ந்து முழுசா சொல்லத்தான் வந்தேன். "எத்தனை நாள் அண்ணி?"ன்னு நீ கேட்டப்ப, பத்துன்னு வாயில வந்துடுச்சு. நீ நிம்மதியா மூச்சு விட்ட. அதுக்கப்புறம் அதை மாத்த முடியல. நீ சொன்ன ஆறுதல்கூட எனக்குச் சொன்னது இல்ல, பத்து நாள் எடுத்த யாரோ ஒருத்திக்குச் சொன்னது. உன்மேல ரெண்டு வருஷமா நான் வச்சிருந்த கோபத்துல எவ்வளவு உன்மேல, எவ்வளவு என்மேலன்னு இப்ப பிரிக்கத் தெரியல.

நீ சொன்ன கணக்குல நான் குறைஞ்ச அளவுத் தட்டு இல்ல. அந்தப் பத்தியை எடுத்துடு. சும்மா இருந்திருக்கலாம். இருந்தா பொடிசு என்கிட்ட இருப்பா. ஆனா நீ ரெண்டாவது தடவையும் ஒரு தப்பான தாள்ல கையெழுத்துப் போட்டவளா ஆகிடுவ, இந்தத் தடவ என்னால. பிழைன்னு தெரிஞ்சு ஒரு தாளை அச்சுக்கு விட என் கை வரமாட்டேங்குது. அது நல்ல குணம்னு இல்ல, பழகிப்போச்சு.

இதை நீ உங்கண்ணன்கிட்ட சொன்னா என் கதை முடிஞ்சுது. தெரிஞ்சேதான் எழுதறேன்.

அண்ணி

•

மே 24

அண்ணி,

விசாரணை அன்று நீதிமன்ற வராந்தாவில் உங்களிடம் பேச வாய் வரவில்லை. அதனால் இது.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அது பத்து நாளாகவே இருந்திருந்தாலும் அதை எழுத எனக்கு உரிமை இல்லை. தட்டில் கலக்கிய மருந்துக்கும் ஒரு தாயின் நாக்கில் விழுந்த சொட்டுக்கும் அளவு பொருத்திப் பார்க்க என்னிடம் ஒரு கருவியும் கிடையாது. உங்களைக் காப்பாற்றும் அவசரத்தில் மறுபடியும் இடுக்கியைத்தான் எடுத்திருக்கிறேன்.

நீதிபதியம்மா என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "அப்படின்னா இந்தக் குழந்தையைப் பத்தி உங்க கட்டுரை என்ன சொல்லுது?" என்று கேட்டார். "ஒண்ணுமே சொல்லலைங்க" என்றேன். "அப்ப கஞ்சாவால ஆபத்து இல்லைன்னு சொல்றீங்களா?" "அதையும் சொல்லலைங்க. கர்ப்பத்துல எடுக்கக் கூடாதுன்னுதான் இப்பவும் சொல்வேன். இந்தக் குழந்தைக்கு எதனால எதுன்னு எனக்குத் தெரியாது." பதினாறு வருடம் படித்த படிப்புக்குப் பொது இடத்தில் நான் சொன்ன நேர்மையான பதில் அது ஒன்றுதான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அண்ணனின் வக்கீல் எழுந்தார். "தாய் எத்தனை நாள் எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பொய் சொல்லவும் முடியாது, உங்களை இரண்டாவது தடவை காட்டிக்கொடுக்கவும் முடியாது. அப்போதுதான் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. "அவளை ஏன் கேக்கறீங்க? எடுத்தவ நான். ஏழாம் மாசம் வரைக்கும்."

நீங்கள் எழுந்து நின்றபோது எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை, பயமும் இல்லை. நிம்மதி. நான் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி. நீங்கள் எல்லாவற்றையும் இழக்கலாம் என்ற நேரத்தில் எனக்கு அதுதான் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

குழந்தை இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும், சனி ஞாயிறு அப்பாவிடம், நீதிமன்றம் சொல்லும் குழந்தை மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய்க் காட்டி அறிக்கை கொடுங்கள் என்று நீதிபதி சொன்னது உங்களுக்கே தெரியும். நீங்கள் போன பிறகு நடந்தது தெரியாது. அண்ணன் படிக்கட்டருகே என்னை நிறுத்தினான். "நீ யார் பக்கம்மா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அண்ணி உன்னை விட்டு, நீ அண்ணியை விட்டு ஓடும்படி நான்தான் தொட்டேன் என்று சொல்ல நினைத்தேன். "அன்னிக்கு நான் உன்கிட்ட பேசினது எனக்காகத்தான். பொடிசுக்காக இல்ல. அது தப்பு அண்ணா" என்று மட்டும் சொன்னேன். லிஃப்ட் இருந்தும் படியில் இறங்கிப் போனான்.

•

ஜூன் 6

மீன்காரிக்கு,

நேத்து டாக்டரம்மாகிட்ட போனோம். சின்ன அறை. சுவர் ஓரமா ஒரு எடை மெஷின், ஒரு கூடை நிறைய மரக்கட்டை. பொடிசு நேரா கூடைகிட்ட போய் உட்கார்ந்துட்டா. உங்கண்ணன் அந்தப் பக்க நாற்காலி, நான் இந்தப் பக்கம். நடுவுல ஒரு நாற்காலி காலி.

டாக்டரம்மா வரிசையா கேட்டாங்க. எத்தனாவது வாரம் பொறந்தா, எப்ப உட்கார்ந்தா, எப்ப நடந்தா. ஆயுதம் போட்டு எடுத்ததைச் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. "கர்ப்பத்துல மருந்து, சிகரெட், வேற ஏதாவது?"ன்னாங்க. இதே கேள்வியை இதுவரைக்கும் மூணு டாக்டர் கேட்டிருக்காங்க. மூணு பேர்கிட்டயும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கேன். கோர்ட்டுல அத்தனை பேர் முன்னாடி சொன்னப்பகூட இவ்வளவு பயப்படல. அங்க அது சண்டை. இங்க இது பொடிசு. எந்த மாசம், எத்தனை சொட்டு, காலை, ராத்திரி, எல்லாம் சொன்னேன். உங்கண்ணன் பக்கம் திரும்பல.

அவங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல. திட்டல, உச்சுக்கொட்டல. தாள்ல ஒரு வரி எழுதினாங்க. பேனா அடுத்த வரிக்குப் போயிடுச்சு. அஞ்சு வருஷமா என் தொண்டையில இருந்தது ஒரே ஒரு வரி. இவ்வளவுதான் இதுக்கு இடம்னு தெரிஞ்சிருந்தா முதல் டாக்டர்கிட்டயே சொல்லியிருப்பேன், இவங்க இப்ப எழுதிக் கொடுத்த பேச்சுப் பயிற்சியும் ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். உன் கட்டுரை பொடிசுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சோ தெரியாது. என் வெட்கம் என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியும்.

உன்னை மன்னிச்சுட்டேனான்னு கேக்காத. கேட்டா நாலு நொடி ஆகும், அதுக்கு மேலயும் ஆகலாம். பொடிசு எப்படி இருக்கான்னு வேணா கேளு.

டாக்டரம்மா அடுத்ததா, "தூக்கம் எப்படி? நடுவுல முழிச்சுக்கறாளா? முழிச்சா என்ன கேக்கறா?"ன்னாங்க. கேட்டது உங்கண்ணனைப் பார்த்து. அவர் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். உங்கண்ணன் குறிச்சு வச்சுக்கிட்டார்.

அண்ணி